மெய்யியல் ஆலோசனைக்கு அறை திறக்கப் போகிறீர்களா?

பல்கலைக்கழகத்தில் மெய்யியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது என் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் கேள்வி வந்துவிடும். "ரீச்சர், உங்களைப் போல நாங்களும் ஒரு அறை எடுத்து ஆக்களோட கதைக்கத் தொடங்கலாமோ?"

தொடங்கலாம். நான் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பித்தவள். பிறகு உளவளத்துணையில் ஒரு டிப்ளோமா செய்தேன். இப்போது யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் வீட்டு முன்னறையில் இருந்து, ஒரு முடிவும் எடுக்க முடியாமல் வருபவர்களோடு கதைக்கிறேன். வேலையை விடுவதா, தாயைத் தனியே விட்டு வெளிநாடு போவதா, மதம் மாறிக் கட்டுவதா, இவ்வளவு காலம் வாழ்ந்ததற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா. இப்படியான கேள்விகளுக்கு மருந்து கிடையாது. யாராவது பக்கத்தில் இருந்து, சேர்ந்து யோசிக்க வேண்டும்.

தொழில் புதியது. கெர்ட் ஆஹென்பாக் என்ற ஜேர்மன் மெய்யியலாளர் 1981 இல் கொலோனுக்குப் பக்கத்தில் பேர்கிஷ் கிளாட்பாக் என்ற ஊரில் முதல் அறையைத் திறந்தார். அடுத்த வருடமே அதற்கு ஒரு சங்கமும் வந்தது. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் சங்கங்கள் அமைந்து, ஒழுக்கக் கோவைகளையும் எழுதிக்கொண்டன. வருபவரின் நலன் முதலில், இரகசியம் காப்பாற்று, உன் தகுதிக்கு மேலே போனால் உரியவரிடம் அனுப்பு. இவையெல்லாம் அவற்றில் இருக்கின்றன, சரியானவையும்கூட. ஆனால் ஒழுங்கையில் நிற்கும் சைக்கிளைப் பார்த்தே உள்ளே இருப்பது யார் என்று சொல்லக்கூடிய ஊருக்காக அவை எழுதப்படவில்லை. அந்த இடைவெளியை நாங்கள்தான் நிரப்ப வேண்டும். நான் நிரப்புவது ஒரே கேள்வியால்: இந்த நிமிடம் நான் யாருக்காக வேலை செய்கிறேன்? குடும்பத்துக்கா, காசு அனுப்புபவருக்கா, ஊர் மரியாதைக்கா, என் கொள்கைக்கா, எதிரே இருப்பவருக்கா?

இனி வருவது எவருடைய கதையும் அல்ல. பலரிடமும் பொதுவாக வரும் நிலைமைகளை மட்டும் எடுத்திருக்கிறேன். நீங்களும் வெளியில் கதைக்கும்போது அப்படியே செய்யுங்கள்.

பெயர்ப்பலகையில் எதை எழுதுவது

கலாநிதிப் பட்டம் எடுத்தவர்களுக்கு முதல் எச்சரிக்கை. எங்கள் ஊரில் வைத்தியர்களுக்கும் வைத்திய கலாநிதி என்று போடுவார்கள். நீங்கள் பலகையில் வெறுமனே கலாநிதி என்று எழுதி, கீழே ஆலோசனை என்று போட்டால், வருபவரில் பாதிப்பேர் மருந்து எழுதுவீர்கள் என்று நினைத்துத்தான் வருவார்கள். பழைய மருந்துத் துண்டையும் கொண்டுவருவார்கள். "இந்தக் குளிசையை நிப்பாட்டலாமோ?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரே பதில், "தந்த டொக்டரிட்டைக் கேளுங்கோ." குளிசையைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். வாயைத் திறக்காதீர்கள்.

அதனால் முதல் நாளே ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, சேர்ந்து வாசியுங்கள். நான் வைத்தியர் அல்ல, நோய்க்குப் பெயர் வைக்கமாட்டேன், சட்டத்தரணியும் அல்ல. நான் படித்தது இது, செய்யக்கூடியது இது. ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு காசு, முடியாதவர்கள் சொன்னால் குறைப்பேன். நாலைந்து தரம் சந்தித்த பிறகு, தொடர வேண்டுமா என்று இருவரும் சேர்ந்து யோசிப்போம். எந்த நிலைமையில் இரகசியத்தை மீறுவேன் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல், நீதிமன்றக் கட்டளை. சட்டத்தரணிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு எங்களுக்கு இல்லை. "எதையும் சொல்லுங்கோ, என்னோட போகும்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். அப்படிச் சத்தியம் பண்ணினால் அது பொய்.

ரசீது உண்டு, அறிக்கை இல்லை

வெளிநாட்டுக் காசுதான் இங்கே பெரிய சோதனை. தங்கைக்கு மனம் சரியில்லை என்று கனடாவில் இருக்கும் அண்ணன் ஒழுங்கு செய்வார். ஐந்து தரத்துக்கான காசு முன்கூட்டியே வங்கிக்கு வந்துவிடும். முதல் சந்திப்பு முடிந்த இரவே வைபரில் அழைப்பு வரும். "ரீச்சர், என்னவாம்? அந்தப் பெடியனை விடுறாவோ?"

அண்ணன் கெட்டவர் அல்ல. பனியில் இரண்டு வேலை செய்து அனுப்பிய காசு அது. தங்கை அழிந்துபோவாள் என்று உண்மையிலேயே பயப்படுகிறார். ஆனால் அவர் வாங்க நினைப்பது தங்கையின் மனதுக்குள் எட்டிப்பார்க்கும் ஒரு யன்னலை. அதை விற்கும் உரிமை உங்களுக்கு இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: "தம்பி, காசு கிடைச்சது, ரசீது அனுப்பிவிடுறன். அவ என்ன கதைச்சவ எண்டதை அவவிட்டையே கேளுங்கோ." அவர் கோபப்படுவார். சிலர் மீதிக் காசைத் திருப்பிக் கேட்பார்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தங்கை தொடர்ந்து வர விரும்பினால், அவளால் முடிந்ததைக் கொடுத்து வரட்டும்.

இதைச் சண்டை வந்த பிறகு சொல்வதைவிடக் காசு வாங்கும் முன்பே சொல்வது நல்லது. வேறொருவர் பணம் கட்டுவதாக இருந்தால் அவருக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்புகிறேன். வந்தாரா, வரவில்லையா என்பதைக்கூடச் சொல்லமாட்டேன், என் வேலை உங்கள் முடிவுக்கு அவரை இழுத்து வருவது அல்ல என்று அதில் இருக்கும். இதைப் படித்துவிட்டுப் பின்வாங்குபவர்கள் உண்டு. போகட்டும். வந்தவளிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: "அண்ணா காசு தந்தாலும் நான் உங்களுக்குத்தான் வேலை செய்யுறன்." சிலருக்கு அதைக் கேட்ட பிறகுதான் வாயே திறக்கும்.

தாய் தகப்பன் கூட்டி வரும் உயர்தரப் பிள்ளைகளிலும் இதே சிக்கல்தான், கொஞ்சம் வேறு மாதிரி. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். என்ன சொல்வேன், என்ன சொல்லமாட்டேன் என்பதை மூவரும் இருக்கும்போதே ஒத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுத் தாயோடு தனியே குசுகுசுக்க வேண்டாம். கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளை உங்களை ஒரு நாளும் நம்பாது.

ஊர் சின்னது

புதிதாக ஒருவர் வந்தவுடன் எங்கள் வாயில் தானாக வரும் கேள்வி, "எவடம்?" அதற்குப் பின் "ஆற்றை பிள்ளை?" அதற்குப் பின் கோயில். மூன்று கேள்வியில் சாதி தெரிந்துவிடும், கேட்டவருக்கும் தெரியும், பதில் சொன்னவருக்கும் தெரியும். ஆகவே கேட்காதீர்கள். எந்த இடத்திலிருந்து வருகிறார் என்பது பஸ் நேரத்துக்காகத் தேவை என்றால், "வர எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டால் போதும். சாதிதான் பிரச்சினை என்றால் அவராகவே சொல்வார். அப்போது உங்கள் முகம் மாறக்கூடாது. இது பேச்சில் அடங்கும் காரியமல்ல, பழக வேண்டும்.

அறை விஷயம் சின்னது போல இருக்கும், சின்னதில்லை. ஒருவர் போய் அரை மணித்தியாலம் கழித்துத்தான் அடுத்தவரை வரச் சொல்கிறேன். சைக்கிளையும் செருப்பையும் படலைக்கு உள்ளே, வீட்டுப் பின்பக்கம் விடச் சொல்கிறேன். பெண் ஆலோசகரிடம் ஆண் வந்தாலும், ஆணிடம் பெண் வந்தாலும், பூட்டிய கதவு ஊருக்குத் தீனி. திறந்த கதவோ விறாந்தையில் இருக்கும் மாமியாருக்குக் காது. கதவில் கண்ணாடி போட்டு, வெளியில் ஒரு மின்விசிறியைச் சத்தமாக ஓட விட்டேன். பார்க்கலாம், கேட்க முடியாது.

கலியாண வீட்டிலும் நல்லூர்த் திருவிழாவிலும் வந்தவரை எதிரே காண்பீர்கள், தப்ப முடியாது. முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: வெளியில் நான் முதலில் கதைக்கமாட்டேன், நீங்கள் கதைத்தால் கதைப்பேன், இங்கே கதைத்ததைப் பற்றி இருவரும் கதைக்கமாட்டோம். நெருங்கிய சொந்தக்காரரை எடுக்காதீர்கள். உங்களிடம் இப்போது படிக்கும் மாணவரையும் எடுக்காதீர்கள், புள்ளி போடும் கை உங்களுடையது. முன்னர் படித்த மாணவரை எடுக்கலாம், ஆனால் அவர் உங்களை எதிர்த்துக் கதைக்கத் துணிகிறாரா என்று பாருங்கள். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால் வேறொருவரிடம் அனுப்புங்கள்.

வருபவரோடு காதல், உடல் உறவு எந்தக் காலத்திலும் கிடையாது. இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை. கூடவே, எங்கள் ஊருக்கான ஒரு சேர்க்கை: கலியாணம் பேசாதீர்கள். நல்ல பிள்ளை, பெறாமகனுக்குப் பொருந்தும் என்று மனதில் ஓடும். ஓடட்டும், வாயில் வர வேண்டாம்.

குறிப்புக் கொப்பியில் பெயர் எழுதுவதில்லை, ஒரு எண் மட்டும். எண்ணுக்கு உரிய பெயர் வேறு இடத்தில், பூட்டில். கைபேசியில் குரல் பதிவு வேண்டவே வேண்டாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உடல், மன நலம் பற்றிய தகவல்கள் அதில் விசேட கவனத்துக்கு உரியவை. சட்டத்தை ஒரு தரம் உட்கார்ந்து வாசியுங்கள்.

மூத்த உளவளத்துணையாளர் ஒருவரிடம் மாதம் ஒருமுறையாவது உங்கள் வேலையைப் பற்றிக் கதைக்க வேண்டும். அது இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யாதீர்கள். ஆனால் பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். "உடுவில், இரண்டு பெட்டைகள், மனிசன் சுவிஸ்" என்றால் கேட்பவர் மனதில் உடனே ஒரு முகம் வந்துவிடும். ஊரை மாற்று, பிள்ளைகளை மாற்று, நாட்டை மாற்று. பிரச்சினையின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்.

கதையை நிறுத்த வேண்டிய இடம்

மெய்யியல் படித்தவர்களுக்கு எதையும் கேள்வியாக்கும் பழக்கம் உண்டு. அதனால்தான் சொல்கிறேன். நித்திரை வாரக்கணக்காக இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது, குளிக்காமல் இருக்கிறார், ஷெல் சத்தம் இன்னும் இரவில் எழுப்புகிறது, குடிக்காமல் விடியாது என்றால் அது உங்கள் மேசைக்கு உரியது மட்டும் அல்ல. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அனுப்பும்போது கைகழுவி அனுப்பாதீர்கள். "அங்கேயும் போங்கோ, இங்கேயும் வாங்கோ, உங்கட கேள்வி கேள்விதான்" என்று சொல்லுங்கள். போவதற்கு வெட்கப்பட்டால் கூடப் போக யாரைக் கூப்பிடலாம் என்று கேளுங்கள்.

தற்கொலை மெய்யியலில் பெரிய தலைப்பு. நானும் அதைப் பற்றி விரிவுரை கேட்டிருக்கிறேன். ஒருவர் உங்கள் முன்னால் இருந்து "இனி இருந்து என்ன?" என்று சொல்லும் நேரம் அது தலைப்பே அல்ல. நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போனால் நல்லம் எண்டு யோசிக்கிறியளோ? எப்பிடியெண்டும் யோசிச்சனீங்களோ?" கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, கேட்கத் தயங்காதீர்கள். ஆம் என்றால் தனியே விடக்கூடாது. வெங்காயமும் புகையிலையும் செய்யும் வீடுகளில் தெளிக்கும் மருந்து கொட்டிலிலேயே இருக்கும், அதை வீட்டிலிருந்து அகற்ற நம்பிக்கையான ஒருவரைப் பிடியுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ். பொலிஸ் பிடிக்கும் என்ற பயத்தில் மறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி 1998 இலிருந்து இலங்கையில் குற்றமல்ல என்று சொல்லுங்கள்.

இன்னொரு இடமும் இருக்கிறது. அடிக்கும் புருஷனோடு வாழும் பெண் வந்து, "எப்பிடி ரீச்சர் பொறுக்கிறது?" என்று கேட்கிறாள். எபிக்டெட்டஸ் என்ற பழைய உரோமகால மெய்யியலாளரைப் படித்த பிள்ளைக்கு உடனே கை துறுதுறுக்கும்: எம் கட்டுப்பாட்டில் உள்ளது, இல்லாதது. தயவுசெய்து அந்தப் புத்தகத்தை மூடிவையுங்கள். அடிமையாக இருந்தவர் தன் மனதுக்குச் சொல்லிக்கொண்டதை, அடிவாங்குபவளுக்கு நாங்கள் பாடமாக எடுத்தால், அது அடிப்பவனுக்குச் செய்யும் உதவி. முதல் கேள்வி, இன்றிரவு வீட்டுக்குப் போனால் பாதுகாப்பா என்பதுதான். 2005 ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. பொறுமையைப் பற்றிய மெய்யியலை அவள் பாதுகாப்பாக இருக்கும் ஒரு நாளில், அவளே கேட்டால், கதைக்கலாம்.

காணாமற்போனவர் இருக்கும் வீடு

எங்கள் ஊரில் மெய்யியல் ஆலோசகருக்கு மட்டுமே உரிய கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான். கணவன் 2009 இல் போர் முடிவில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர், பிறகு தகவல் இல்லை. மனைவி பொட்டு வைப்பதா, விடுவதா? மாமியார் "என்ரை பிள்ளை உயிரோட இருக்கிறான்" என்கிறா. தம்பி "அந்தியேட்டி செய்து ஆன்மாவை விடுங்கோ" என்கிறான். வளர்ந்த மகள் பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்கிறாள்.

அளவையியல் படிப்பித்தவளாக எனக்குச் சொல்லத் தெரியும், இத்தனை வருடத்துக்குப் பிறகு எது கூடிய சாத்தியம் என்று. அதைச் சொல்வது என் வேலை அல்ல. அவ கேட்கும் கேள்வி அவர் இருக்கிறாரா இல்லையா என்பது மட்டுமல்ல. தெரியாதபோது எப்படி வாழ்வது என்பதும், நம்புவதை நிறுத்தினால் கைவிட்டதாகுமா என்பதும் அதற்குள் இருக்கிறது. நான் செய்வது பிரித்துப் பார்க்க உதவுவது. நம்புவது ஒன்று, கிரியை செய்வது ஒன்று, வழக்கைத் தொடர்வது ஒன்று, கடிதாசியில் கையெழுத்து வைப்பது ஒன்று. இவை எல்லாம் ஒரே முடிவாகத்தான் இருக்க வேண்டுமா? இரவில் விளக்கு வைத்துக்கொண்டே பகலில் வங்கிக்குப் போகலாமா? பதில் அவவுடையது. இன்றைக்கு ஒன்று சொல்லி அடுத்த மாதம் மாற்றினாலும் அவவுடையதுதான்.

நடைமுறைத் தகவலை மட்டும் தெரிந்துவைத்திருங்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இல்லாத குடும்பங்களுக்கு, இறந்ததாகச் சொல்லாமல், காணாமற்போயிருப்பதை மட்டும் பதியும் சான்றிதழ் ஒன்றுக்கு 2016 இல் சட்டம் வழிசெய்தது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மனைவி தன் சீதனக் காணியையே விற்க முடியாது, ஆள் இல்லாதபோது நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். இதை நீங்கள் விளக்கவேண்டாம், சட்டத்தரணியிடம் அனுப்புங்கள். ஆனால் மனச்சிக்கல் என்று வந்ததில் பாதி காணிச்சிக்கலாக இருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை எடுக்கச் சொல்லித் தூண்டவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். அது சிலருக்குக் கைகொடுக்கும், சிலருக்கு அரசாங்கத்தைத் தப்பவிடுவது போல இருக்கும். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

கன்மம் பற்றி

ஷெல்லில் பிள்ளையை இழந்த தாய் "நான் போன பிறப்பில என்ன செய்தனோ" என்று அழுவா. சைவ சித்தாந்தம் படித்த பிள்ளைகளுக்கு ஆணவம், கன்மம், மாயை எல்லாம் நுனிநாக்கில் இருக்கும். ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், மூடநம்பிக்கை என்றும் சொல்லாதீர்கள். ஆமாம் என்றால் பிள்ளையைக் கொன்ற பழியை அவவின் தலையில் வைக்கிறீர்கள். மூடநம்பிக்கை என்றால் அவவைத் தாங்கி நிற்கும் ஒன்றை உருவுகிறீர்கள். "அப்பிடி நினைக்கேக்க உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டுப் பாருங்கள். சிலருக்கு ஆறுதல், சிலருக்குத் தண்டனை. தண்டனையாக இருந்தால், அருளைப் பற்றி அதே சித்தாந்தம் என்ன சொல்கிறது என்று அவவே கேட்கும் நாள் வரும். கத்தோலிக்கரோடும் முஸ்லிம்களோடும் இதே ஒழுங்குதான். சாதகக் குறிப்பைக் கொண்டுவந்து செவ்வாய்க் குற்றம் காட்டினால் குறிப்போடு சண்டை பிடிக்காமல், அதை நம்பி எடுத்த முடிவோடு கதையுங்கள்.

விவாதத்தில் வெல்லும் ஆசையும் இதே வகைதான். "ஒரு சோதினையில பெயில், நான் எதுக்கும் சரிவராதவன்" என்று ஒரு பெடியன் சொன்னால் அது அவசரப் பொதுமையாக்கம், ஒன்றை வைத்து எல்லாவற்றுக்கும் முடிவுகட்டும் தவறு என்று எனக்கு உடனே தெரியும். உடனே சொன்னால் இன்னொரு சோதினையில் பெயில் விட்ட மாதிரி இருக்கும் அவனுக்கு.

காசும் மாம்பழமும்

போருக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் இலவசமாகவே உளவளத்துணை தந்தன, சிலவேளை பஸ் காசும் தேத்தண்ணியும் கூடவே. அதனால் காசு கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள், முன்கூட்டியே, தெளிவாக. விசா முகவர், தரகர், தனியார் வைத்தியசாலை என்று எவரிடமிருந்தும் ஆள் அனுப்பியதற்குத் தரகுக் காசு வாங்காதீர்கள். கறுத்தக்கொழும்பான் ஒரு பை கொண்டுவந்தால் வாங்கலாம், இங்கே மாம்பழத்தை மறுப்பது முகத்தில் அடிப்பது போல. சேலை, நகை, காணி உறுதி, வெளிநாட்டு ரிக்கெற் வேண்டாம். பனங்கட்டி வாங்கலாம்.

கடைசியாக, முறைப்பாடு. எங்களுக்கு உரிமம் தரும் சபை இங்கு இல்லை, ஆகவே உங்கள் மேல் குறை இருந்தால் எங்கே போவது என்று வருபவருக்குத் தெரியாது. முதல் நாள் தாளின் அடியில், உங்களைத் தட்டிக் கேட்கச் சம்மதித்த மூத்தவர் ஒருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அவருடைய அனுமதியோடு எழுதுங்கள். அவர் உங்கள் மச்சானாக இருக்கக் கூடாது.